நவீன கலை மியூசியத்தைப் பார்ப்பது எப்படி? கிளம்புவதிலிருந்து வீடு திரும்பும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நவீன கலை மியூசியத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். "ஒண்ணும் புரியல." "கால் வலிதான் மிச்சம்." இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று நினைக்கிறேன்: எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் பார்வையாளர்களைக் கவனித்துச் செய்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். சராசரி 27 வினாடி. அதிலும் பாதிப் பேர் 17 வினாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். மனிதர்களும் கதையும் உள்ள படத்தில் 17 வினாடிக்குள் ஏதாவது கொஞ்சம் பிடிபடும். நிறமும் கோடும் மட்டுமே உள்ள படத்துக்கு அந்த நேரம் போதவே போதாது. அதனால்தான் நவீன கலை மட்டும் 'புரியாத கலை' என்று பெயர் வாங்கியிருக்கிறது.

கலை வரலாறு படித்தவர்களுக்கு மட்டும்தான் இந்த இடம் என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. பார்க்கிற வேகத்தையும் வரிசையையும் மாற்றினால் போதும். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன்

முதலில் அது எந்தக் காலத்துக் கலையை வைத்திருக்கும் மியூசியம் என்று பாருங்கள். நவீன கலை என்று மியூசியங்கள் சொல்வது ஏறக்குறைய 1880-களிலிருந்து 1960-கள் வரையிலான காலம். அதற்குப் பிறகு இன்றுவரை நடப்பது சமகாலக் கலை. எல்லைக்கோடு இடத்துக்கு இடம் கொஞ்சம் நகரும். நியூயார்க்கின் மோமா, லண்டனின் டேட் மாடர்ன் போன்றவற்றில் இரண்டும் இருக்கும். ஜப்பானின் கனசாவாவில் உள்ள 21-ஆம் நூற்றாண்டுக் கலை மியூசியம் போன்றவற்றில் சமகாலக் கலைதான் பிரதானம். இது தெரிந்தால் நேரத்தைத் திட்டமிடலாம். நவீன கலைப் பிரிவில் பெரும்பாலும் சுவரில் படம், பீடத்தில் சிற்பம். சமகாலப் பிரிவில் இருட்டறை வீடியோ, ஓர் அறை முழுவதையும் எடுத்துக்கொள்ளும் நிறுவல் கலை, சில நாள் மட்டும் நடக்கும் நிகழ்த்துகலை எல்லாம் இருக்கும். இவை அதிக நேரம் கேட்பவை.

அடுத்து, மியூசியத்தின் இணையதளத்தைக் கட்டாயம் பாருங்கள். வார விடுமுறை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பல மியூசியங்களுக்குத் திங்கள்கிழமை. மாட்ரிட்டின் ரெய்னா சோபியாவுக்குச் செவ்வாய்க்கிழமை. சில சமயம் கட்டடமே மூடியிருக்கும். 1977-ல் திறந்த பாரிஸின் பொம்பிடு மையம் புதுப்பிப்பு வேலைக்காக 2025-ல் மூடப்பட்டது. 2030 வரை ஆகும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

ஒரு குறிப்பிட்ட ஓவியத்தைப் பார்ப்பதற்காகவே போகிறீர்கள் என்றால், அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று அதன் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். எந்தப் பெரிய மியூசியத்திலும் சுவரில் இருப்பது கொஞ்சம்தான், மீதி கிடங்கில். மோமாவிடம் மட்டும் ஏறக்குறைய 2 லட்சம் படைப்புகள் இருக்கின்றன. சில படைப்புகள் வேறு ஊருக்குக் கடனாகப் போயிருக்கும். காகிதத்தில் செய்தவை இன்னும் அரிது. கோட்டோவியம், நீர்வண்ணம், புகைப்படம் எல்லாம் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் சில மாதம் மாட்டிவிட்டு மறுபடி இருட்டுக்குள் வைத்துவிடுவார்கள். இந்தியக் கலைஞர் நஸ்ரீன் மொஹமெதியின் பென்சில் கோடுகள் போன்ற ஒன்று காட்சிக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள்.

வார நாளில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. இரவு நெடுநேரம் திறந்திருக்கும் நாள் இருந்தால் கடைசி இரண்டு மணி நேரமும் கூட்டம் குறைவாக இருக்கும். நேரம் குறித்த டிக்கெட் தரும் இடங்களில் முன்பதிவு செய்துவிடுங்கள். சிறப்புக் கண்காட்சிக்குப் பல இடங்களில் தனி டிக்கெட் இருக்கும், அதையும் கவனியுங்கள்.

போகும் முன் நிறையப் படிக்க வேண்டாம். ஒரே ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுத்து, அவர் எந்த வருடங்களில் வாழ்ந்தார், எந்தப் பொருளைக் கொண்டு வேலை செய்தார் என்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். அதிகம் படித்துவிட்டுப் போனால் கண் வேலை செய்யாது, படித்ததைச் சரிபார்க்கும் வேலை மட்டும்தான் நடக்கும்.

வாசலில்

நடந்து பழகிய செருப்பு அல்லது ஷூ, லேசான மேலாடை. கூடங்களில் குளிர் ஒரே அளவில் வைத்திருப்பார்கள், அரை மணி நேரத்தில் குளிர ஆரம்பிக்கும். முதுகுப் பையை லாக்கரில் வைத்துவிடுங்கள். திரும்பும்போது பை எதில் இடிக்கிறது என்று நமக்கே தெரியாது என்பதால்தான் அதை அனுமதிப்பதில்லை. குறிப்பெழுதப் பென்சில் கொண்டுபோங்கள். பேனாவுக்குப் பல கூடங்களில் தடை. நின்றுகொண்டு பார்ப்பது கடினம் என்றால் மடக்கு நாற்காலியோ சக்கர நாற்காலியோ கேளுங்கள். பல மியூசியங்களில் இரவல் தருவார்கள், கேட்டால்தான் தெரியும்.

வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து இரண்டு நிமிடம் பாருங்கள். பெரும்பாலானவர்கள் நுழைந்த முதல் அறையிலேயே சக்தியைச் செலவழித்துவிடுவார்கள். மேல்தளத்துக்கோ கடைசிப் பிரிவுக்கோ நேராகப் போய் அங்கிருந்து பின்னோக்கி வந்தால் கூட்டம் உங்களுக்கு எதிர்த்திசையில் இருக்கும். ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்து 1959-ல் திறந்த நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்தை அவரே இப்படித்தான் யோசித்தார்: லிஃப்டில் உச்சிக்குப் போய், சுருள் பாதையில் மெல்ல இறங்கி வருவது. ஆனால் அங்கே சில கண்காட்சிகளைக் கீழிருந்து மேலே போகும் வரிசையில் அமைப்பார்கள், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டடத்தையும் பாருங்கள். டேட் மாடர்ன் ஒரு பழைய மின் நிலையம். டர்பைன்கள் இருந்த பெருங்கூடம் இன்று ராட்சத நிறுவல்களுக்கான இடம். அந்த அளவு இடம் கிடைத்ததால்தான் அந்த அளவு படைப்புகள் அங்கே பிறந்தன.

எதைப் பார்ப்பது, எதை விடுவது

ஒரு வருகைக்கு ஆறேழு படைப்புகள் போதும். இதுதான் இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

மியூசியக் களைப்பு என்பது நூறு வருடத்துக்கு முன்பே பேசப்பட்ட விஷயம். பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரைக் காட்சிப் பெட்டிகளுக்கு நடுவே நிறுத்தி, பொருளைப் பார்க்கவும் எழுத்தைப் படிக்கவும் அவர் எப்படியெல்லாம் குனிகிறார், வளைகிறார் என்று புகைப்படம் எடுத்துக் காட்டினார். உடம்பு சோர்ந்த பிறகு கண் திறந்திருந்தாலும் எதுவும் உள்ளே போகாது.

ஆகவே ஓர் அறைக்குள் நுழைந்ததும் முதல் படத்திலிருந்து வரிசையாகத் தொடங்காதீர்கள். நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எது உங்களை இழுக்கிறதோ, எது எரிச்சலூட்டுகிறதோ, அதனிடம் போங்கள். எரிச்சலையும் சேர்த்தே சொல்கிறேன். நமக்குப் பிடிக்காத படைப்பு ஏன் பிடிக்கவில்லை என்று நின்று யோசித்தால், பிடித்ததைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும். எதுவுமே இழுக்கவில்லையா? அந்த அறையை விட்டுவிடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

புகழ்பெற்ற ஒன்றின் முன்னால் கூட்டம் மொய்த்தால் அங்கே முண்டியடிக்காமல் பக்கத்து அறைக்குப் போய்விட்டு, கூட்டம் கலைந்ததும் திரும்புங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

ஒரு படைப்பின் முன்னால்

கண், பிறகு விவர அட்டை, மறுபடி கண். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அட்டையை முதலில் படித்தால், அது சொன்னதை மட்டும் தேடிக் கண்டுபிடித்துத் திருப்தியாகி நகர்ந்துவிடுவோம்.

ஒரே ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க ஓவியர் ஆட் ரைன்ஹார்ட் 1960-லிருந்து 1967-ல் இறக்கும்வரை ஒரே அளவில், ஒரே அமைப்பில் கறுப்பு ஓவியங்களாக வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றும் ஐந்தடிச் சதுரம். மோமாவில் அவற்றில் ஒன்று இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கறுப்புப் பலகை. பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் சிரித்துவிட்டு நகர்கிறார்கள்.

நகராமல் நில்லுங்கள். கண் பழகட்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆகும். கறுப்பு ஒரே கறுப்பாக இல்லை என்பது முதலில் லேசாகத் தட்டும். அப்புறம் நடுவில் ஒரு சிலுவை வடிவம் மெல்லத் துலங்கும். சதுரம் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களாகப் பிரிந்திருப்பது தெரியும். நான்கு மூலைகளிலும் உள்ள கறுப்பில் சிவப்புச் சாயல் இருக்கிறது. செங்குத்துப் பட்டையில் நீலச் சாயல். கிடைமட்டப் பட்டையில் பச்சைச் சாயல். கண்ணை அகற்றிவிட்டு மறுபடி பார்த்தால் எல்லாம் மறைந்து கறுப்பாகிவிடும், திரும்பவும் காத்திருக்க வேண்டும்.

இந்த ஓவியத்தில் 'என்ன சொல்ல வருகிறார்' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'என் கண்ணுக்கு என்ன நடக்கிறது' என்று கேட்டால் கிடைக்கும். புகைப்படத்தில் இது வராது. கைபேசித் திரையிலும் அச்சிலும் வெறும் கறுப்புதான். பளபளப்பே இல்லாத அந்தப் பரப்புக்காக அவர் வண்ணத்திலிருந்து எண்ணெயைப் பெரும்பகுதி வடித்துவிட்டு வரைந்தார். வெளிச்சம் எங்கும் பட்டுத் திரும்பாமல் உள்ளேயே அமுங்குவது அதனால்தான்.

இதே பொறுமையை எந்தப் படைப்புக்கும் கொண்டுபோகலாம். நான் கடைப்பிடிக்கும் முறை இது.

முதலில் தூரத்தில் நின்று மொத்தமாகப் பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே நகர்கிறது? அடுத்து, அனுமதித்த எல்லை வரை அருகே போங்கள். இப்போது படத்தை மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள். தூரிகைத் தடம் எந்தத் திசையில் போகிறது? வண்ணம் கெட்டியாக அப்பியிருக்கிறதா, நீர்த்துத் துணிக்குள் ஊறியிருக்கிறதா? எது முதலில் பூசியது, எது மேலே வந்தது? டச்சு ஓவியர் மாண்ட்ரியானின் கட்டங்கள் இதற்கு நல்ல பயிற்சி. புத்தகத்தில் அவை அளவுகோல் வைத்து அச்சடித்தவை போலத் தட்டையாகத் தெரியும். நேரில் பார்த்தால் வெள்ளைக் கட்டங்கள் எல்லாமே ஒரே வெள்ளையில்லை. ஒன்றில் தூரிகை குறுக்காகப் போயிருக்கும், பக்கத்துக் கட்டத்தில் நெடுக்காக. பல ஓவியங்களில் கறுப்புக் கோடு விளிம்பைத் தொடாமல் கொஞ்சம் முன்பே நின்றுவிடும். அதைக் கவனித்த பிறகு அந்தப் படம் வேறு படமாகிவிடும்.

பிறகு பக்கவாட்டில் போய்ச் சாய்வாகப் பாருங்கள். மேடு பள்ளம், விரிசல், திருத்தம் எல்லாம் வெளிச்சத்தில் எழும்பித் தெரியும். மலேவிச் 1915-ல் வரைந்த கறுப்புச் சதுரத்தில் காலப்போக்கில் விழுந்த விரிசல்களுக்கு அடியில் வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. அடியில் முன்பே வேறு ஓவியம் இருப்பதை எக்ஸ்ரே சோதனைகள் உறுதிப்படுத்தின.

ஓரங்களையும் விடாதீர்கள். படம் சட்டகத்தோடு முடிகிறதா, கான்வாஸின் பக்கவாட்டிலும் வண்ணம் தொடர்கிறதா? சட்டகமே இல்லையா? அதுவும் கலைஞர் எடுத்த முடிவுதான்.

அளவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திரையில் பார்த்துப் பழகிய நமக்கு எல்லாப் படமும் ஒரே அளவு. டாலியின் உருகும் கடிகாரங்கள் உள்ள 1931 ஓவியம் நேரில் 24 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம், ஒரு நோட்டைத் திறந்து வைத்த அளவுகூட இல்லை. அதை ஒருவர் மட்டும்தான் நெருங்கி நின்று பார்க்க முடியும். பிக்காசோவின் குவெர்னிகா மூன்றரை மீட்டர் உயரம், ஏறக்குறைய 7.8 மீட்டர் அகலம். அலறும் அந்தக் குதிரையும் பெண்களும் நம்மைவிடப் பெரிய உடல்கள். தலையைத் திருப்பாமல் முழுவதையும் அருகிலிருந்து பார்க்க முடியாது. 1937-ல் ஓர் ஊரின் மேல் குண்டு போட்டதைப் பற்றிய ஓவியம் அது. அதன் முன் நாம் சிறிதாகிவிடுவது தற்செயலானதல்ல. பார்னெட் நியூமன் 1951-ல் தன் கண்காட்சியில், பெரிய படங்களைத் தள்ளி நின்று பார்க்காமல் அருகில் நின்று பாருங்கள் என்று எழுதியே மாட்டிவைத்தார். பார்வையின் ஓரங்கள்வரை நிறம் சூழ வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆக, ஒவ்வொரு படைப்பின் முன்னாலும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: இது என் உடம்பை எங்கே நிற்கச் சொல்கிறது?

சிற்பமானால் சுற்றி வாருங்கள். லூயி பூர்ஷ்வாவின் 'மமான்' ஒன்பது மீட்டருக்கு மேல் உயரமான சிலந்தி. வெளியிலிருந்து பயமுறுத்தும். கால்களுக்கு நடுவே போய் நிமிர்ந்து பார்த்தால் வயிற்றுப் பையில் பளிங்கு முட்டைகள் தெரியும். பூர்ஷ்வா தன் தாயை நினைத்துச் செய்தது அது. முன்பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது கிடைக்காமலே போய்விடுகிறது.

விவர அட்டையைப் படிப்பது

இப்போது அட்டைக்கு வரலாம். கலைஞர் பெயர், பிறந்த வருடம், தலைப்பு, செய்த வருடம், பொருள், யாரிடமிருந்து வந்தது, பதிவெண். இதில் நான் முதலில் பார்ப்பது பொருள் வரியை. 'கான்வாஸில் எண்ணெய் வண்ணம்' என்று இருப்பதும் 'மெழுகு, செய்தித்தாள், மரம்' என்று இருப்பதும் வேறு வேறு உலகங்கள். அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் செய்தித்தாள் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண் தேடும்.

வருடம் அடுத்தது. உலகில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, கலைஞருக்கு என்ன வயது என்று மனக்கணக்குப் போடுங்கள். பதிவெண்ணிலும் ஒரு கதை உண்டு. மோமாவில் வான்கோவின் 'நட்சத்திர இரவு' ஓவியத்தின் எண் 472.1941. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அது மியூசியத்துக்கு வந்த வருடம். வரைந்தது 1889-ல். நடுவில் ஐம்பது வருடத்துக்கு மேல் அது வேறு கைகளில் இருந்திருக்கிறது. அச்சோவியத்தில் 3/25 என்று இருந்தால் 25 படிகளில் மூன்றாவது. 'தலைப்பில்லை' என்று இருந்தால் ஏதோ விட்டுப்போயிற்று என்று எண்ண வேண்டாம். பெயரைப் பிடித்துக்கொண்டு பார்க்காதே என்று கலைஞர் சொல்கிறார்.

சில படைப்புகளுக்கு அட்டை இல்லாமல் முடியாது என்பதும் உண்மை. ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டொரெஸ் 1991-ல் செய்த ஒன்று சிகாகோ கலைக் கழகத்தில் இருக்கிறது. அறை மூலையில் பளபளக்கும் தாள் சுற்றிய மிட்டாய்க் குவியல், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். அதன் முழு எடை 175 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 79 கிலோ என்று வைத்திருக்கிறார். எய்ட்ஸ் நோயால் இறந்த தன் துணைவர் ராஸின் உருவப்படம் அது. ஒவ்வொருவர் எடுக்கும்போதும் எடை குறைகிறது, மியூசியம் மறுபடி நிரப்புகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கையிலிருக்கும் மிட்டாயை வாயில் போடுவது எளிதல்ல. 2022-ல் அங்கே இதன் விவர அட்டையில் ராஸும் எய்ட்ஸும் இல்லாமல் போனதைப் பார்வையாளர்கள் கவனித்துக் கண்டித்தார்கள். மியூசியம் அட்டையைத் திருத்தியது. அட்டையும் மனிதர் எழுதுவதுதான். அதில் எது இல்லை என்றும் பாருங்கள்.

சுவரில் தொங்காதவை

வீடியோ அறையில் நுழையும் முன் கால அளவைப் பாருங்கள். எட்டு நிமிடம் என்றால் முழுதாகப் பார்க்கலாம். நடுவில் நுழைந்தால் அது சுழன்று நீங்கள் வந்த இடத்துக்கு வரும்வரை இருங்கள். எல்லாவற்றையும் முழுதாகப் பார்க்க முடியாது. கிறிஸ்டியன் மார்க்லேயின் 'தி கிளாக்' 24 மணி நேரம் ஓடுவது. ஆயிரக்கணக்கான திரைப்படத் துண்டுகளில் தெரியும் கடிகாரங்கள் நிஜ நேரத்தோடு ஒத்துப்போகும். அதில் அரை மணி நேரம் இருந்தாலும் நிறைவுதான்.

ஒளியைக் கொண்டு செய்தவற்றுக்கும் இருட்டறைகளுக்கும் கண் பழகவே சில நிமிடம் வேண்டும். ஜேம்ஸ் டரெலின் அறைகளில் முதல் நிமிடத்தில் வெளியேறுபவர் எதையும் பார்த்தவராக மாட்டார். டேட்டில் ஓவியர் ரோத்கோவின் 'சீகிராம்' ஓவியங்களுக்கும் இது பொருந்தும். அவற்றை மங்கிய வெளிச்சத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிடுங்கள்.

சோல் லெவிட்டின் சுவர் ஓவியங்களைப் பெரும்பாலும் அவர் கையால் வரையவில்லை. அவர் எழுதிய குறிப்பைக் கொண்டு வேறு சிலர் சுவரில் நேரடியாக வரைவார்கள். கண்காட்சி முடிந்ததும் மேலே வெள்ளையடித்துவிடலாம். அமெரிக்காவின் மாஸ் மோகா மியூசியத்தில் அப்படி 105 சுவர் ஓவியங்களை 2043 வரை வைத்திருக்கப்போகிறார்கள். இங்கே குறிப்பைப் படித்துவிட்டு, நீங்களாக இருந்தால் எப்படி வரைந்திருப்பீர்கள் என்று யோசித்துவிட்டுச் சுவரைப் பார்ப்பது நல்ல விளையாட்டு.

"இதை நானே செய்வேனே!"

இந்த எண்ணம் வராதவர் யாரும் இல்லை. வந்தால் அடக்காதீர்கள், பின்தொடருங்கள். உண்மையிலேயே செய்ய முடியுமா? எந்த வரிசையில், எந்தக் கருவியால்? அமெரிக்க ஓவியர் போலாக் கான்வாஸைத் தரையில் விரித்து, சுற்றி நடந்துகொண்டே வண்ணத்தைச் சிந்தினார். அவர் படத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். எங்கே கை வேகமெடுத்தது, எங்கே தயங்கியது என்று கோட்டின் தடிமனே சொல்லும்.

சிலவற்றைச் செய்வது எளிதுதான். பிரெஞ்சுக் கலைஞர் டுஷாம்ப் 1917-ல் கடையில் வாங்கிய சிறுநீர்க் கலத்தை மல்லாத்தி வைத்து, கையெழுத்திட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். யார் என்ன அனுப்பினாலும் ஏற்போம் என்று சொல்லியிருந்த அமைப்பு அதை வைக்க மறுத்தது. மூலப்பொருள் தொலைந்துபோய்விட்டது, இன்று மியூசியங்களில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் 1964-ல் அவர் ஒப்புதலோடு செய்த பிரதிகள். கலை எது என்று முடிவு செய்வது யார் என்ற கேள்வியை அந்த ஒரு செயல் நிரந்தரமாகத் திறந்துவிட்டது. கைத்திறன் இதில் விஷயமே இல்லை. இதையெல்லாம் அறிந்த பிறகும் ஒரு படைப்பு உங்களுக்கு வெறுமையாகத் தோன்றலாம். தோன்றினால் தோன்றட்டும். சமகாலக் கலையில் எல்லாமே நன்றாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

தொடுவது, படமெடுப்பது

நவீன ஓவியங்கள் பழையவற்றைவிட உறுதியானவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். பழைய எண்ணெய் ஓவியத்தின் மேல் வார்னிஷ் இருக்கும். அழுக்குப் படிந்தால் அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். நவீன ஓவியர் பலர் வார்னிஷே பூசவில்லை. சிலர் பூச்சில்லாத வெறுந்துணியில் வண்ணத்தை ஊறவிட்டார்கள். அதில் விரலின் எண்ணெய் பட்டால் துணிக்குள்ளேயே இறங்கிவிடும். அக்ரிலிக் வண்ணம் காய்ந்த பிறகும் கொஞ்சம் மென்மையாகவே இருப்பதால் தூசியை ஒட்டிக்கொள்ளும். முன்பு சொன்ன ரைன்ஹார்ட் ஓவியத்தில் ஒரு விரல் ரேகை பட்டாலும் பளபளக்கும் தழும்பு விழுந்துவிடும். 2012-ல் டேட்டில் ஒருவர் ரோத்கோ ஓவியத்தின் மூலையில் மையால் கிறுக்கியதைச் சரிசெய்ய நிபுணர்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. ஆகவே சுட்டிக்காட்டும்போதுகூட விரலை நீட்டாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள். பின்னோக்கி நடந்துகொண்டே படம் பிடிக்க வேண்டாம்.

தொடலாம், மிதிக்கலாம், உள்ளே நடக்கலாம் என்று அனுமதித்த படைப்புகளும் உண்டு. ஸ்பெயினின் பில்பாவோவில் ரிச்சர்ட் செராவின் ராட்சத எஃகுச் சுருள்களுக்குள் நடந்து போவதுதான் அவற்றைப் பார்க்கும் வழியே. சந்தேகம் வந்தால் அறையில் நிற்கும் காவலரைக் கேளுங்கள். நாள் முழுக்க அந்தப் படைப்புகளோடு நிற்பவர்கள் அவர்கள். "உங்களுக்கு இந்த அறையில் எது பிடிக்கும்?" என்று கேட்டால் பலர் மகிழ்ந்து பேசுவார்கள், எந்த ஒலி வழிகாட்டியிலும் கிடைக்காத தகவல் அங்கே கிடைக்கும்.

புகைப்பட விதி அறைக்கு அறை மாறும். ஃபிளாஷும் செல்ஃபி குச்சியும் எங்கும் வேண்டாம். முதலில் பார்த்து முடியுங்கள், பிறகு எடுங்கள். எடுக்கும்போது விவர அட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் பிறகு தேட வசதி.

யாரோடு போவது

தனியாகப் போனால் நிதானம் கிடைக்கும். இன்னொருவரோடு போனால் நீங்கள் கவனிக்காததை அவர் கவனிப்பார். இருவரும் ஒரே படத்தின் முன் பேசாமல் சில நிமிடம் நின்றுவிட்டு, அப்புறம் பார்த்ததை மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். பிடித்ததா இல்லையா என்பது கடைசியில். குழந்தைகளோடு போனால் அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வழியை அவர்களே காட்டட்டும். வழிகாட்டியோடு போகும் சுற்று நல்லதுதான், ஆனால் அதற்குப் பிறகு தனியாக ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி, அவர் நிற்காமல் கடந்த ஒன்றின் முன் நில்லுங்கள்.

வெளியே வந்த பிறகு

அன்று இரவே, பார்த்தவற்றில் மனதில் நிற்பது எது என்று நான்கு வரி எழுதுங்கள். படங்களைப் பார்க்காமல் எழுத வேண்டும். முடிந்தால் நினைவிலிருந்து ஒரு கோட்டுப்படம் போடுங்கள், அழகாக வர வேண்டியதில்லை. எங்கே நினைவு மங்கலாக இருக்கிறதோ அங்கே நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு கைபேசியில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். நிறம் நீங்கள் பார்த்ததாக இருக்காது.

படிப்பதற்குச் சரியான நேரம் இப்போதுதான். அந்தக் கலைஞர் அதற்கு முன் என்ன செய்தார், பின் என்ன செய்தார் என்று தேடுங்கள். கேள்வி உங்களுடையதாக இருப்பதால் படிப்பது பசை போல ஒட்டும். பல மியூசியங்கள் பழைய கண்காட்சிகளின் நூல்களையும் படங்களையும் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. மோமா 1929-ல் தொடங்கியதிலிருந்து நடத்திய கண்காட்சிகளின் ஆவணங்களை அப்படித் திறந்துவைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை மாட்டினார்கள் என்பதைக்கூடப் புகைப்படங்களில் பார்க்கலாம்.

அடுத்த முறை அதே மியூசியத்துக்குப் போகும்போது வேறு தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் கடைசி கால் மணி நேரத்தை மட்டும், போன தடவை எரிச்சலூட்டிய அந்த ஒன்றுக்கு ஒதுக்குங்கள்.